ஆளில்லாதபோது ஒழுகாத வள்ளம்

முல்லைத்தீவுப் பக்கம், கடலோடு சேரும் கொக்கிளாய்க் களப்பில் தங்கிப் படுக்க மலிவாக வாங்கிய பழைய பைபர் வள்ளம். நான் படுத்தால் விடியற்காலை பாய் நனைந்திருக்கும். வெறுமனே கட்டிவைத்தால் சொட்டுத் தண்ணீர் இராது. நாக்கில் வைத்தேன், உப்பு. ஆக, பனியில்லை.

அடியில் பைபர் துணி வைத்து ரெசின் பூசினேன். தண்ணீர் வடியவிடும் துளையின் தக்கையையும் மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை.

கரையேற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றினேன். என்ஜின் பூட்டும் பின்பலகையின் பழைய போல்ட் துளையொன்றில் பழுப்பு நீர் கசிந்தது. பலகைக்குள்ளே இருக்கும் பிளைவுட் உக்கிய நிறம் அது. சுத்தியல் பிடியால் தட்ட, அந்த இடம் மட்டும் மொத்தென்றது. பின்பக்கம் நான் படுக்கும் பாரத்தில்தான் துளை நீருக்குள் போயிருக்கிறது!

உக்கியதைத் தோண்டி, நன்றாகக் காயவிட்டு, புதுப்பலகை வைத்து எபொக்சிப் பசையால் அடைத்தேன். இப்போது பாய் நனைவதில்லை. நுளம்புக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.