யாமல் கோப்பில் மூன்று கோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், செயலியை ஓட்டும் டெப்ளாய்மென்ட்டையும் அதை நெட்வொர்க்கில் அணுக வழிதரும் சர்வீஸையும் ஒரே யாமல் (YAML, அமைப்புகளை எழுதும் உரை வடிவம்) கோப்பில் எழுதுவது வழக்கம். நடுவில் தனி வரியில் --- என்று மூன்று கோடு போட்டால் ஓர் ஆவணம் முடிந்து அடுத்தது தொடங்கும். இங்கே நடக்கும் தவறுகளில் பல, பிழைச் செய்தியே தராமல் கடந்துபோகும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கோடு போட மறந்தால் இரண்டும் ஒரே ஆவணமாகிவிடும். 'கைண்ட்', 'ஸ்பெக்' போன்ற கீ (மதிப்புக்கு முன்னால் வரும் பெயர்) எல்லாம் இரண்டு முறை வரும். யாமல் விதிப்படி அது தவறு. ஆனால் பைத்தானில் யாமலைப் படிக்கும் நூலகமான பையாமல் அதைக் கண்டுகொள்ளாது. கடைசியில் வந்ததை வைத்துக்கொள்ளும், முதலில் வந்தது போய்விடும். டெப்ளாய்மென்ட் எங்கே என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். யாமல் கோப்பைச் சோதிக்கும் யாமல்லின்ட் கருவியை ஓட்டிப் பாருங்கள், இரட்டைக் கீயைக் காட்டிக்கொடுக்கும்.

கோடு போட்டும் கெடுக்கலாம். அது வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். முன்னால் ஒரே ஒரு இடைவெளி விட்டாலும் அது பிரிப்பான் இல்லை. மேல் வரி, முன்னால் இடைவெளி இல்லாத 'நேம்: கடை' என்று இருந்தால், மதிப்பு 'கடை ---' என்று ஒட்டிக்கொள்ளும்! வேர்டில் இருந்து நகலெடுக்கும்போது மூன்று கோடும் ஒரே நீளக் கோடாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குபர்னெட்டிஸ் கோப்புகளை வார்ப்புருவில் இருந்து உருவாக்கும் ஹெல்ம் கருவியின் டெம்ப்ளேட்டில் }} குறிக்கு முன்னால் ஒரு - போட்டால், அதற்குப் பின்னால் உள்ள வரி முறிவும் போய்விடும். அதை அடுத்து வரும் --- எதனோடாவது ஒட்டிக்கொள்ளும். 'ஹெல்ம் டெம்ப்ளேட்' கட்டளையின் வெளியீட்டைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

கோப்பின் கடைசியிலும் --- போடுவது சிலர் பழக்கம். அதற்குப் பின் ஒன்றும் இல்லாவிட்டால் பையாமல் ஒரு வெற்று ஆவணத்தைத் தரும், நிரலில் அது 'நன்' (None, அதாவது மதிப்பு இல்லை) ஆக வந்து இடறும். முதல் ஆவணத்தில் & போட்டு வைத்த ஆங்கரை (மறுபடி பயன்படுத்த ஒரு பகுதிக்கு இடும் பெயர்) இரண்டாவதில் * போட்டு அழைக்கவும் முடியாது.

படிக்கும் பக்கமும் ஒன்று உண்டு. பையாமலின் 'சேஃப் லோட்' ஒரே ஆவணத்தைத்தான் ஏற்கும், இரண்டு இருந்தால் பிழை தரும். சரி, 'சேஃப் லோட் ஆல்' என்று மாற்றிவிடுவோம். ஆனால் அது ஒவ்வொன்றாகத்தான் படித்துத் தரும். மூன்றாம் ஆவணத்தில் பிழை இருந்தால், முதல் இரண்டும் செயல்பட்ட பிறகுதான் தெரியவரும். எல்லாவற்றையும் முதலில் ஒரு லிஸ்ட்டில் வாங்கிவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.