ஆந்தை ஈக்குப் புதுப்பெயர் வைப்பதற்கு முன்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பூச்சி தேடி அலையும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதில் சிலர், தும்பிபோல் தோன்றும், குழிநரிக்கு உறவான ஆந்தை ஈக்கள் பக்கமும் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் அனுப்பும் வரைவுகளைப் படித்தால், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துகள் வரிசை மாறாமல் வருகின்றன. உணர்கொம்பு நீண்டு நுனி தடித்திருந்தால் ஆந்தை ஈ, குட்டையாக இருந்தால் குழிநரி, கண்ணின் குறுக்கே பள்ளம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய பெயர்களைத் தேடாமல் 'புதிது' என்பது

இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

சில காலம் முன்பு ஒரு கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழுந்த ஒரே ஒரு பெண் பூச்சி. அஸ்கலாஃபஸ் பேரினத்தில் புதிய இனம் என்று எழுதியிருந்தார்கள். காரணம் இரண்டு: இறக்கை நிறம் பழுப்பேறாமல் தெளிவாக இருக்கிறது, இனங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுவின் வரிசை, ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் எதோடும் பொருந்தவில்லை.

முதலில் நிறம். பல இனங்களில் கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பூச்சிக்கு இறக்கை வெளிறித்தான் இருக்கும், வயது ஏற ஏற நிறம் ஏறும். ஊசியில் குத்திக் காயவைத்த பிறகு உடம்பின் மஞ்சளும் மங்கிவிடும். அப்புறம் ஜென்பேங்க். உலகில் பெயரிடப்பட்ட ஆந்தை ஈக்கள் சுமார் 430 இனங்கள். அவற்றில் பலவற்றுக்கு அங்கே வரிசையே கிடையாது. பொருந்தவில்லை என்றால், உங்கள் பூச்சியின் சொந்த இனத்தை இதுவரை யாரும் அங்கே ஏற்றாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான். மிக நெருங்கிய வரிசை வேறொரு பேரினத்திலிருந்து வந்திருக்கும்போது, 'இடைவெளி அதிகம்' என்று அட்டவணை போடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்த இரண்டையும்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது மூன்றாவது. வான் டெர் வீலே 1908இல் ஜெர்மன் மொழியில் எழுதிய பெருநூல்தான் இந்தக் கூட்டத்துக்கு இன்றும் அடிப்படை. கட்டுரையாளர்கள் அதைப் புரட்டியிருக்கிறார்கள், அதற்குப் பாராட்டு. ஆனால் அதில் 'அஸ்கலாஃபஸ்' என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடியிருக்கிறார்கள். அங்கே இருப்பவை மஞ்சளும் கறுப்புமாக இறக்கை கொண்ட ஐரோப்பியப் பூச்சிகள். அவற்றுக்கு இன்றைய பேரினப் பெயர் லிபெல்லாய்டஸ். நம் ஊர்ப் பூச்சிகள் அந்த நூலில் ஹெலிகோமிட்டஸ் என்ற பெயரில் வேறு இடத்தில் கிடக்கின்றன. 1972இல் ட்யேடர் என்ற பூச்சியியலாளர் இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்தபோதுதான் ஹெலிகோமிட்டஸ் அஸ்கலாஃபஸ் ஆனது. வாக்கர் என்ற பூச்சியியலாளர் 1853இல் பெயரிட்ட டைகாக்ஸ், சினிஸ்டர் இரண்டும் இந்திய இனங்கள். கட்டுரையில் இரண்டையும் காணோம்!

தாய்ப்பத்திரமும் வில்லங்கமும் பார்க்காமல் மனை வாங்குகிற வேலை இது. வாக்கரின் டைப் மாதிரிகள், அதாவது அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான மூலப் பூச்சிகள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரில் போக முடியாவிட்டால் படம் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் பதில் வரும். நாவாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் வைத்துவிட்டுப் போன பெயர்கள் தனித் தலைவலி. நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளினார். அவருடைய மாதிரிகளில் ஒரு பகுதி பார்சிலோனாவில் இருக்கிறது, பல தொலைந்தே போயின. எந்தப் பெயர் எங்கே வெளியானது என்று பார்க்க ஆஸ்வால்ட் என்ற பூச்சியியலாளர் தொகுத்து வரும் இணையப் பட்டியல் இருக்கிறது, இலவசம். ஒரு மாலை உட்கார்ந்தால் இந்தியாவுக்கான பெயர்களை வடிகட்டி எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் விவரமாக எழுதி, கட்டுரையைத் திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நாளில் ஒரு எழுத்துகூட மாறாமல் வேறொரு இதழில் வந்துவிட்டது. பணம் கட்டினால் போடுகிற இதழ். இனி என்ன செய்ய? விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கான சர்வதேச விதித்தொகுப்பின் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், ஆய்வு மோசம் என்பதற்காக ஒரு பெயரை அழித்துவிட முடியாது. பின்னால் வருகிற யாரோ ஒருவர் அந்தப் பெண் பூச்சியைத் தேடிப் பிடித்து, டைப்போடு ஒப்பிட்டு, பழைய பெயருக்குக் கீழே இதைத் தள்ளித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒரு வார சோம்பேறித்தனத்துக்கு இன்னொருவரின் பல மாத உழைப்பு.

ஒரே ஒரு பெண் பூச்சி

ஆண் கிடைக்கும்வரை பொறுங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஹாப்லோக்ளீனியஸ் பேரினத்தில் ஆணின் முன்மார்பில் தூக்கி இறக்கக்கூடிய ஒரு மடல் உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. பெண்ணை மட்டும் வைத்து எழுதுபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆண் கிடைத்ததும் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்புகளை வரையுங்கள். வரைந்த பிறகு அந்தத் துண்டைக் கிளிசரின் குப்பியில் போட்டு, குப்பியை அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்துங்கள். தனி டப்பாவில் போட்டால் தொலைந்துவிடும்.

உணர்கொம்பு

ஒடிந்தால் பேரினமே சந்தேகமாகிவிடும். வலையிலிருந்து விரலால் எடுக்காதீர்கள்.

லேபிள்

'மேற்குத் தொடர்ச்சி மலை' என்பது ஒரு இடம் அல்ல.

படம் மட்டும் போதும் என்பது

போதாது. மலேசியாவில் ஒருவர் எடுத்து ஃபிளிக்கரில் போட்ட படத்திலிருந்துதான் செமாக்ரைசா ஜேட் என்ற பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி வெளிச்சத்துக்கு வந்தது. வல்லுநர்களுக்குப் படத்தைப் பார்த்ததுமே புதிது என்று பட்டது. ஆனாலும் உடனே பெயர் வைக்கவில்லை. அவர் திரும்பக் காட்டுக்குப் போய்ப் பூச்சியைப் பிடித்துக் கொடுத்த பிறகு, 2012இல்தான் விவரித்தார்கள். பூச்சியைத் தேடிக் கொடுத்தவரும் ஆசிரியர்களில் ஒருவர்.

ஹோலோடைப் உங்கள் பீரோவில்

2000 முதல், ஹோலோடைப்பை, அதாவது புதுப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியை, தெளிவாகக் குறித்து, எந்தச் சேகரிப்பில் வைக்கிறீர்கள் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயர் செல்லாது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரிப் பன்மைச் சட்டமும் புதிய இனத்தை அறிவித்து, மாதிரியை அதற்கென்று குறிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. கல்லூரி ஆய்வகத்து அலமாரி அந்தக் கணக்கில் வராது. இணைய இதழ் என்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் முன்னாலேயே இருக்க வேண்டும், அந்தப் பதிவு இருப்பது கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும்.

குடும்பமா, துணைக்குடும்பமா

2019இல் வந்த ஒரு மரபணு ஆய்வு ஆந்தை ஈக்களைக் குழிநரிக் குடும்பத்துக்குள் துணைக்குடும்பமாக இறக்கிவிட்டது. தனிக் குடும்பம்தான் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பூச்சியை விவரிக்கும் கட்டுரையில் இதற்கு இரண்டு பக்கம் வேண்டாம். யாரைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி போதும். மிஞ்சுகிற இடத்தில் புழுப் பருவத்தைப் பற்றி எழுதுங்கள். ஆந்தை ஈயின் புழு மணலில் குழி பறிக்காது. சருகிலோ மரப்பட்டையிலோ தூசியை மேலே அப்பிக்கொண்டு, தாடையை விரித்தபடி அசையாமல் கிடக்கும். பெண் பூச்சி குச்சியில் வரிசையாக முட்டையிட்டிருந்தால் குச்சியோடு எடுத்து வந்து வளர்க்கலாம். நம் பக்கத்து இனங்கள் பலவற்றின் புழுவை இதுவரை யாரும் விவரித்ததில்லை.