ஸ்டார் வார்ஸ் தொப்பி அசலா? உள்பக்கத்திலிருந்து பாருங்கள்

ஸ்டார் வார்ஸ் படங்களில் வில்லன் அரசான எம்பயரின் அதிகாரிகள் போடும் அந்தச் சாம்பல்-பச்சைத் தொப்பியை மேசையில் வைத்து "இது அசல்தானே?" என்று யாராவது கேட்டால், "எந்த அசல்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 1977இல் வந்த முதல் படத்துக்காகத் தைத்ததா, 1980 படத்துக்கா, 1983 படத்துக்கா? கேமரா முன்னால் யார் தலையிலாவது ஏறியதா? இன்ன நடிகர் போட்டது என்கிறீர்களா? படத்துக்காகத் தைத்து, பெட்டியை விட்டு வெளியே வராத தொப்பி உண்டு. விளம்பரத்துக்காகப் பின்னால் தைத்தது உண்டு. உரிமம் வாங்கி விற்ற நகல் உண்டு. எல்லாவற்றையும் "ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லில் விற்கிறார்கள். அதனால் விற்பவர் சொல்வதை ஒரே வாக்கியமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் நிற்குமா என்று பார்ப்பதுதான் மிச்ச வேலை.

நான் சினிமாக்காரி இல்லை. திருப்பூரில் ஏற்றுமதித் துணிக்குத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டன் வந்த பிறகு உடை திருத்தும் வேலை. சேகரிப்பாளர்கள் சிலர் சினிமா உடைகளைக் கொண்டுவந்து காட்டப்போய்த்தான் இந்தப் பழக்கம் வந்தது. கதை எனக்கு அரைகுறை. தையல் தெரியும்.

தொப்பியைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு வேண்டும். முதல் படத்தின் உடை வடிவமைப்பாளர் ஜான் மொல்லோ. ராணுவச் சீருடைகளின் வரலாற்றில் ஊறியவர். எம்பயர் தொப்பியைப் பார்த்தாலே பழைய ஜெர்மன் மலைப்படைத் தொப்பி நினைவுக்கு வரும். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். பிறகு "காந்தி" படத்துக்காக நம் பானு அத்தையாவோடு சேர்ந்து இரண்டாவது ஆஸ்கர் வாங்கியவரும் இவர்தான். 1976இல் லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. உடைகள் பெர்மன்ஸ் அண்ட் நேத்தன்ஸ் என்ற வாடகை உடை நிறுவனத்தின் வழியாக வந்தன. பெர்மன்ஸும் நேத்தன்ஸும் 1972இல் இணைந்தவை. அந்த நிறுவனத்தை 1992இல் ஏஞ்சல்ஸ் என்ற இன்னொரு உடை நிறுவனம் வாங்கியது. இந்த 1992ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வாடகை நிறுவனம் என்பதுதான் இதில் முக்கியம். அவர்களுக்கு உடை ஒரு முதலீடு. ஒரு படம் முடிந்ததும் அடுத்த படத்துக்கு, நாடகத்துக்கு, மாறுவேடப் பார்ட்டிக்குக்கூட வாடகைக்குப் போகும். முதல் படத்தின் முக்கியப் பாத்திரமான ஓபி-வான் கெனோபியின் அங்கியே அப்படி வாடகைச் சரக்கோடு கலந்து கிடந்து, வேறொரு படத்துக்கும் போய்வந்து, கடைசியில்தான் அடையாளம் தெரிந்தது. 2007இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 54,000 பவுண்டுக்குப் போனது. ஆகவே அசல் தொப்பியில் பிற்காலத் திருத்தம் இருந்தால் பதற வேண்டாம். துளியும் மாறாமல் புத்தம் புதிதாக வந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

சரி, வேலைக்கு வருவோம். வெள்ளைத் துணி விரித்த மேசை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அளவுகோல், சின்னக் காந்தம், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், கேமரா போதும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து இன்னொரு முறை எடுங்கள். மேடு பள்ளம், பழைய மடிப்பு, பிரித்த தையலின் துளை எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். ஒரு வேண்டுகோள்: தலையில் போட்டுப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், தெரியும்.

இப்போது தொப்பியைக் கவிழ்த்து லேபிளைப் பாருங்கள். பெர்மன்ஸ் அண்ட் நேத்தன்ஸ் லேபிள் இருந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அதற்குள் முடிவுக்கு வரக் கூடாது. எழுபதுகளில் ஏதோ தொலைக்காட்சி நாடகத்துக்குத் தைத்த சாதாரணக் கோட்டிலும் இதே லேபிள்தான் இருக்கும். அந்தக் கோட்டை மலிவாக வாங்கி, லேபிளைப் பிரித்து, தொப்பியில் வைத்துத் தைப்பது பத்து நிமிட வேலை. எனவே லேபிளில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிட அதன் துளைகளைப் படியுங்கள். லேபிளின் ஓரத்தில் இப்போதைய நூல் போகாத காலித் துளைகள் இருக்கின்றனவா? இருந்தால், அவற்றுக்கு நேர் கீழே லைனிங்கிலும் (உள்துணியிலும்) துளை இருக்க வேண்டும். லேபிளில் துளை இருந்து லைனிங்கில் இல்லையென்றால் அது வேறு எங்கோ தைக்கப்பட்டிருந்த லேபிள். அடுத்து அழுக்கு. நெற்றிப்பட்டியில் வியர்வைக் கறை பரவியிருந்தால் அது லேபிளின் மேலும் தொடர வேண்டும்; லேபிளின் விளிம்போடு நின்றுவிடக் கூடாது. லேபிளின் ஓரத்தை மெல்லத் தூக்கினால் கீழே இருக்கும் லைனிங் சுற்றுப்புறத்தைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும்.

லேபிள்மேல் லேபிள் இருந்தால் எனக்குப் பிடிக்கும். வாடகைக்குப் போய்வந்த தடம் அது. ஏஞ்சல்ஸ் பெயர் இருந்தால் அந்த லேபிள் 1992க்குப் பிறகு ஒட்டியது. கீழே பழையது இருக்கலாம். நடிகர் பெயர் பேனாவிலோ டைப்ரைட்டரிலோ இருப்பது இயல்பு. லென்ஸில் பார்த்தால் டைப்ரைட்டர் எழுத்து நாடாவை அழுத்திய தடம் காட்டும், இன்க்ஜெட் அச்சு சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். அளவு எழுதியிருந்தால் டேப் வைத்துச் சரிபாருங்கள். பிரிட்டிஷ் அளவில் 7 என்றால் உள்சுற்றளவு ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். அமெரிக்காவில் அதே தலைக்கு 7⅛ என்று எழுதுவார்கள். லண்டனில் தைத்ததாகச் சொல்லும் தொப்பியில் அமெரிக்க அளவு இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

லேபிளுக்கு அடுத்து தையல். 1997இல் தொடங்கிய 501வது லீஜியன் போன்ற ரசிகர் அமைப்புகளில் இருப்பவர்கள் அசலைவிட நேர்த்தியாகத் தைப்பார்கள். ஒரே தொப்பிக்கு மாதக்கணக்கில் உழைப்பார்கள். உள்தையலுக்குக்கூட மூடித் தைத்த முடிப்பு கொடுப்பார்கள். சினிமா உடைப் பட்டறைக்கு அந்த நேரம் கிடையாது. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஓரம் வெட்டியபடியே நிற்கும். அடுத்த தலைக்கு ஏற்பத் தளர்த்த வேண்டியிருக்கும் என்பதால் தையலுக்கு உள்ளே துணியைத் தாராளமாக விட்டிருப்பார்கள். கை ஊசியில் போட்ட அவசரத் தையலும் இருக்கும். ஆக, உள்ளே எல்லாம் கச்சிதமாக இருக்கும் தொப்பியை நான் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்ப்பேன். ஏற்றுமதிச் சரக்கில் இதற்கு நேர்மாறாகத் தேடிப் பழகியவளுக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.

துணியை லென்ஸில் பார்த்து, ட்வில் என்ற நெசவின் சாய்வுக் கோடுகள் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏலம் போன தொப்பிகளின் தெளிவான படங்களோடு ஒப்பிட அது உதவும்.

புற ஊதா டார்ச்சைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: நீலமாக மின்னினால் போலி என்பார்கள். அப்படி இல்லை. துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்ப்பொருள்கள் இந்தப் படத்துக்கு வெகுகாலம் முன்பே சோப்புத்தூளிலும் நூலிலும் வந்துவிட்டன. டார்ச் காட்டுவது வித்தியாசத்தைத்தான். தொப்பி முழுக்க நூல் மங்கலாக இருந்து, பீக்கை (நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முன்விளிம்பை) சேர்க்கும் ஒரு வரிசை மட்டும் பளிச்சென்று நீலமடித்தால் அந்த வரிசை வேறொரு நாளில் தைத்தது. ஏன் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நூலை எரித்துப் பார்க்கும் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

நெற்றியில் இருக்கும் உலோக வட்டைத் திருகிக் கழற்ற முயல வேண்டாம். அது இருக்கும் இடத்திலேயே நிறையச் சொல்லும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அதன் விளிம்பை ஒட்டித் துணியில் மெல்லிய வளையம் படிந்திருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். இப்போதைய வட்டைவிடப் பெரிதாகவோ சற்றுத் தள்ளியோ இன்னொரு வளையம் தெரிந்தால் வட்டை மாற்றியிருக்கிறார்கள். உள்பக்கம் பிடிப்பு எப்படி என்று பாருங்கள். காந்தம் ஒட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; இரும்பு என்றால் துணியில் துருக்கறையை எதிர்பார்க்கலாம்.

பழமையைப் பொய்யாக வரவழைப்பவர்கள் வழக்கமாகத் தேநீரில் முக்குவார்கள், மணல் தாளால் தேய்ப்பார்கள். தேநீர் எங்கும் ஒரே சீராக ஏறும். வியர்வை அப்படி ஏறாது, அலையலையாகக் கோடு விட்டு நெற்றிப் பக்கம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருக்கும். நடிகர் போட்ட தொப்பியில் உள்பட்டியின் முன்பக்கம் ஒப்பனைக் கறை இருப்பது நல்ல அறிகுறி. எம்பயர் அதிகாரிகள் கஞ்சி போட்டாற்போல் விறைப்பாகத் திரிகிறவர்கள், அதனால் வெளிப்பக்கம் வேண்டுமென்றே அழுக்காக்கியிருக்கக் காரணமில்லை. 1979இல் வந்த "ஏலியன்" படத்துக்கும் இதே மொல்லோதான் உடை. அதில் நாஸ்ட்ரோமோ என்ற விண்கப்பலின் ஊழியர்கள் லாரி ஓட்டுநர்கள்போலக் கசங்கிய ஆட்கள்; அந்தப் படத்துத் தொப்பி என்று வந்தால் செயற்கை அழுக்கையே நான் எதிர்பார்ப்பேன்.

அடுத்து திரையோடு ஒப்பிடுவது. ட்வில் துணி எல்லாத் தொப்பியிலும் ஒன்றுதான், அதை வைத்து ஒரு தொப்பியைத் தனியாக அடையாளம் சொல்ல முடியாது. வட்டு நடுத்தையலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, பீக்கின் எந்த முனை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, எந்த இடத்தில் தையல் வளைந்து போயிருக்கிறது என்பவைதான் கைரேகை. குறைந்தது மூன்று தனித்தனி அடையாளங்கள் பொருந்தாமல் "திரையில் வந்த தொப்பி" என்று எழுத மாட்டேன். ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போடுவதும் எடிட்டிங்கில் நடக்கும் என்பதால், அதிகாரியின் பதவிப் பட்டை அவருடைய இடது மார்பில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலது பக்கம் தெரிந்தால் படத்தைத் திருப்பிவிட்டு ஒப்பிடுங்கள்.

காகிதங்களைக் கடைசியில்தான் தொடுவேன், இல்லையென்றால் கண் அதற்கு ஏற்றாற்போல் பார்க்கத் தொடங்கிவிடும். மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிய சான்றிதழை நான் மதிப்பதில்லை. அது தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் காகிதம். பழைய ரசீது, வாடகைப் பதிவு, ஏலப் பட்டியலில் இதே தொப்பியின் படம், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர் ஆகியவைதான் வேண்டும். ரசீதின் தலைப்பில் லண்டன் தொலைபேசி எண் இருக்கிறதா பாருங்கள். 1990 மே வரை லண்டனுக்கு 01. அப்புறம் 071, 081. 1995 ஏப்ரலிலிருந்து 0171, 0181. 2000இலிருந்து 020. 1978 என்று தேதியிட்ட ரசீதில் 0171 இருந்தால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

விலை பெரிதாக இருந்தால் ஆய்வகம் உண்டு. உதிர்ந்த ஒற்றை இழையை வைத்தே அகச்சிவப்பு அலைமாலையில் இழையின் வகையைச் சொல்லிவிடுவார்கள். துணி கம்பளி என்றால் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அளப்பதுகூடப் பயன்படும்: அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் அதன் அளவு அறுபதுகளின் நடுவில் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கிக்கொண்டே வந்ததால், எழுபதுகளின் ஆட்டு ரோமத்தையும் 2005இன் ரோமத்தையும் பிரித்துவிடலாம். ஆனால் அதற்குத் துணியில் ஒரு துணுக்கு வெட்ட வேண்டும், பழைய துணி வாங்கித் தைத்த புதுத் தொப்பியை அது காட்டிக்கொடுக்காது. நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

முடிவை எழுதும்போது பார்த்தவற்றையும் ஊகத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். "1976 பட்டறை வேலைக்கு முரணாக எதுவும் இல்லை, லேபிள் முதலில் தைத்த இடத்திலேயே உள்ளது, வட்டு மாற்றப்பட்டிருக்கிறது, எந்த நடிகர் என்பதற்கு ஆதாரமில்லை" என்ற அளவில் நிறுத்துங்கள். உரிமையாளருக்கு முகம் வாடும். வாடட்டும்.

தொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது துவைக்காதே, இஸ்திரி போடாதே என்று சொல்லிவிடுங்கள்; சலவையில் ஒப்பனைக் கறையோடு ஆதாரமும் போய்விடும். அமிலமில்லாத டிஷ்யூ தாளை உருட்டி உள்ளே வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைக்கட்டும். காட்சிக்கு வைத்தே தீருவேன் என்றால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.