நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புழக்கத்தில் பல கைகள் மாறியும் கெடாமல் வந்த ஒரு நாணயம், அதைக் காப்பதற்கென்றே வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் சில ஆண்டுகளில் கெட்டுப்போவது சேகரிப்பாளர்களிடையே அரிதான செய்தி அன்று. பச்சைப் பிசுக்கு, விளிம்பையொட்டிக் கறுப்பு வளையம், பொறித்த உருவத்தின் கன்னத்தில் மெல்லிய இணைகோடுகள், நாள் செல்லச் செல்லத் தெளிவாகும் கைரேகை எனச் சேதம் பல வடிவங்களில் வரும். நாணயம் அலமாரியில் சும்மா இருந்தபோது இவை நேர்ந்தன என்று தோன்றினாலும், இவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் உறையைத் தேர்ந்தெடுத்த நாளிலும், நாணயத்தை அதற்குள் வைத்து மூடிய அந்தச் சில நிமிடங்களிலும்தான் இருக்கிறது.

கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் எந்தப் பிளாஸ்டிக்கும் நாணயத்துக்கு நல்லது என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மென்மையாக வளைந்து கொடுக்கும், இரண்டாக மடியும் மலிவான பிளிப் உறைகள் பல பிவிசியால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையச் செய்வதற்காகத் தாலேட் போன்ற நெகிழ்விகளைச் சேர்க்கிறார்கள். அந்த நெகிழ்விகள் பிளாஸ்டிக்கோடு நிலையாகப் பிணைந்திருப்பதில்லை. காலப்போக்கில் அவை மெல்ல வெளியேறி நாணயத்தின் மேல் எண்ணெய்ப் பசைபோல் படிகின்றன. பிவிசி சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடும் வெளிப்படுகிறது. ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும் அது, செம்பைத் தாக்கிப் பச்சை நிறச் சேர்மங்களை உண்டாக்குகிறது. செப்பு நாணயங்கள் மட்டுமல்லாமல், செம்பு கலந்த வெள்ளி நாணயங்களும் நிக்கல் நாணயங்களும் இதற்குத் தப்புவதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் கூடுதலாக உள்ள இடத்தில் இந்தச் சிதைவு விரைவாக நடக்கும். பசை மேலோட்டமாக இருக்கும்போதே கண்டுகொண்டால் நீக்கிவிடலாம். உலோகத்தை அரித்துக் குழி விழுந்த பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

புதிய பிளாஸ்டிக் குளியலறைத் திரைச்சீலையில் வருவது போன்ற கடுமையான வாடையும், தொட்டால் ஒட்டுவது போன்ற மென்மையும் பிவிசியின் அடையாளங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உறையின் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி, ஏற்கெனவே சுடரில் காய்ச்சிய செப்புக் கம்பியின் முனையில் ஒட்டவைத்து மறுபடியும் சுடரில் காட்டிப் பார்க்கலாம். சுடர் பச்சையாக மாறினால் அந்தப் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. பைல்ஸ்டைன் சோதனை எனப்படும் இதில் எழும் புகை நச்சுத்தன்மை உடையது என்பதால், திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். நாணயம் அருகில் எங்கும் இருக்கக் கூடாது. ஐயம் இருக்கும் உறையைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிடத் தூக்கி எறிவதே மேல் என்பது என் கருத்து. மைலார் எனப்படும் பாலியெஸ்டர், பாலிஸ்டைரீன், அக்ரிலிக், பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவை நீண்ட காலப் பாதுகாப்புக்கு ஏற்றவை.

பிளாஸ்டிக் நல்லதாக இருந்தாலும் அதோடு சேர்ந்து வரும் பொருள்கள் கெடுதல் செய்யக்கூடும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். ரப்பர் வளையம், கம்பளித் துணி, சில வகைத் தாள்கள், மலிவான அட்டைப் பெட்டிகள் ஆகியவற்றிலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளிப்படுவதால், இரு பாதிகளை அழுத்தி மூடும் விறைப்பான வட்ட உறையான கேப்சூலை ரப்பர் வளையத்தால் கட்டி அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பது வீண் முயற்சி. கேப்சூலுக்குள் நாணயத்தைச் சுற்றிப் பொருத்தும் நுரை வளையத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அது நாணயத்தின் விளிம்பை ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருக்கும். தரம் குறைந்த நுரை விளிம்பையொட்டி நிறமாற்றத்தை உண்டாக்கும், நாளடைவில் உதிர்ந்து துகளாகவும் விழும். நாணயத்தின் அளவுக்கே நேரடியாகச் செய்த கேப்சூல் கிடைக்கிறது என்றால் நுரை வளையம் உள்ளதை வாங்காதீர்கள்.

அளவு என்ற இடத்தில்தான் கவனமான சேகரிப்பாளர்களும் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் பலரும் விட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் சில்வர் ஈகிள், கனடாவின் வெள்ளி மேப்பிள் லீஃப் ஆகிய இரண்டிலும் ஒரே ஒரு அவுன்ஸ் வெள்ளிதான் இருக்கிறது. ஆனால் முன்னதன் விட்டம் 40.6 மி.மீ., பின்னதன் விட்டம் 38 மி.மீ. ஆகவே எடையை வைத்து உறை வாங்குவது பொருந்தாது. அதே மேப்பிள் லீஃபை மார்கன் டாலர் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தோடு ஒப்பிட்டால் வேறொரு சிக்கல் தெரியும்: மார்கன் டாலரின் விட்டம் 38.1 மி.மீ. என்பதால் இரண்டும் ஏறத்தாழச் சமம், ஆனால் மேப்பிள் லீஃபின் தடிமன் 3.29 மி.மீ., மார்கன் டாலரின் தடிமன் 2.4 மி.மீ. மட்டுமே. மெல்லிய நாணயத்துக்கான கேப்சூலில் தடித்த நாணயத்தை வைத்தால் மூடி முழுவதும் பொருந்தாது. அழுத்தி மூடினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அல்லது மூடியின் உட்புறம் நாணயத்தின் உயர்ந்த மேடுகளில் படிந்து அழுத்தும். மாறாக, தடித்த நாணயத்துக்கானதில் மெல்லியதை வைத்தால், எடுக்கும்போதும் வைக்கும்போதும் அது உள்ளே குலுங்கி, விளிம்பிலும் மேடுகளிலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

எனவே விட்டம், தடிமன் இரண்டையும் அளந்த பிறகே உறை வாங்க வேண்டும். உலோக வெர்னியர் காலிபரின் தாடைகளை நாணயத்தின் மேல் நேரடியாக இறுக்குவதும் தவறுதான். பிளாஸ்டிக் காலிபரைப் பயன்படுத்தலாம், அல்லது அந்த நாணயத்துக்குரிய அதிகாரப்பூர்வ அளவை நம்பலாம். 25.75 மி.மீ. விட்டமுள்ள 2 யூரோ நாணயத்துக்கு 26 மி.மீ. கேப்சூல் விற்கப்படுகிறது, கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. வட்டமல்லாத நாணயங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வளைந்த பக்கங்களுடைய எழுபக்க நாணயத்தை எந்தத் திசையில் அளந்தாலும் காலிபர் ஒரே எண்ணைக் காட்டும், ஆனால் அதன் எல்லா முனைகளையும் தொட்டுச் செல்லும் வட்டம் அந்த எண்ணைவிடச் சற்றுப் பெரியது. அந்த எண்ணை மட்டும் நம்பி வட்டக் கேப்சூல் வாங்கினால் முனைகள் இடிக்கும். கையால் அடித்த பழங்கால நாணயங்களோ விட்டத்திலும் தடிமனிலும் சீராக இருப்பதில்லை. அவற்றை அச்சுக் கேப்சூலில் திணிக்காமல், நல்ல பாலியெஸ்டர் உறையில் வைப்பதே பொருத்தம்.

உறைக்குள் இடுவதற்கு முன் நாணயத்தைப் பளபளப்பாக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் நிலவுகிறது. மெருகுப் பசை, பற்பசை, சமையல் சோடா, புளி ஆகியவை எதுவானாலும் உலோகத்தின் மேற்பரப்பை அரித்தோ உராய்ந்தோ நீக்குகின்றன; மென்மையான துணியால் துடைத்தாலும் நுண்கோடுகள் விழும். ஒருமுறை விழுந்த கோடு உறைக்குள் என்றென்றும் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான் பயன். பிவிசிப் பசை போன்ற எண்ணெய்ப் படிவு இருந்தால் மட்டும் தூய அசிட்டோன் உதவும். நகப்பூச்சு நீக்கியில் வாசனைப் பொருளும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது அசிட்டோனுக்கு மாற்றாகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயத்தை ஊறவைத்து, வேறொரு கிண்ணத்திலுள்ள புதிய அசிட்டோனில் அலசி, தேய்க்காமல் தானாக உலரவிட வேண்டும். வண்ணம் பூசிய நாணயங்களை அதில் இடவே கூடாது; வண்ணம் கரைந்துவிடும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது, ஆகவே அருகில் சுடரோ தீப்பொறியோ இருக்கக் கூடாது, காற்றோட்டமும் வேண்டும். நாணயம் முழுவதும் உலர்வதற்குள் கேப்சூலில் வைத்துவிடுவதும் தவறு, ஏனெனில் பாலிஸ்டைரீனையும் அக்ரிலிக்கையும் அசிட்டோன் கரைக்கும். விளிம்பின் வரிப்பள்ளங்களில் தங்கிய ஒரு துளியே கேப்சூலின் உட்புறத்தை மங்கச் செய்யப் போதும்.

கையாளும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாணயத்தை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரலின் வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் பதிந்த உடனே கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து, குறிப்பாகச் சேகரிப்புக்கென்றே அச்சிட்ட, கண்ணாடிபோல் மின்னும் ப்ரூஃப் நாணயத்தில், கைரேகை அப்படியே பழுப்பாக எழும். பொடி பூசாத நைட்ரைல் கையுறை நல்லது. பருத்திக் கையுறையில் பிடி வழுக்கும், நூலிழையும் உதிரும். நாணயத்துக்கு நேராகக் குனிந்து பேசுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளியே பின்னாளில் கரும்புள்ளியாக மாறும். அதே காரணத்தால் தூசியை வாயால் ஊதக் கூடாது. கேமரா லென்ஸைத் துப்புரவாக்கப் பயன்படும் ரப்பர் ஊதியால் கேப்சூலின் இரு பாதிகளையும் நாணயத்தையும் ஊதிய பிறகு மூடலாம். மேசையின் மேல் மடித்த துணி ஒன்றை விரித்துக்கொண்டு, துணிக்கு மிக அருகிலேயே வேலை செய்தால், கை தவறினாலும் நாணயம் அடிபடாது.

மூடும் கணத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் அவசரத்தால் வருவது. கேப்சூலின் அடிப்பாதியைத் துணியில் சமமாக வைத்து, நாணயத்தின் ஒரு விளிம்பை முதலில் குழிவின் ஓரத்தில் பொருத்தி, மறு விளிம்பை மெல்லத் தாழ்த்த வேண்டும். மேலிருந்து போட்டால் விளிம்பில் கீறல் விழும். அது தானாகப் படுகிறதா, தள்ள வேண்டியிருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். தள்ள வேண்டியிருந்தால் அந்தக் கேப்சூல் அந்த நாணயத்துக்கு உரியது அன்று. உருவம் நேராக நிற்கிறதா என்பதையும் இப்போதே சரிபார்த்துவிட்டால், அதற்காகப் பிறகு திறக்க வேண்டியிருக்காது. மூடியை வைத்தபின் நடுவில் அழுத்தாதீர்கள்; நடுப்பகுதி உள்வளைந்து உருவத்தின் மேட்டைத் தொடலாம். இரு கட்டைவிரல்களால் ஓரத்தைச் சுற்றி மாறி மாறி அழுத்தி, பூட்டும் ஒலி கேட்கும்வரை மூட வேண்டும். திருகாணியால் இறுக்கும் தட்டு வகை உறைகளில் அளவுக்கு மீறி முடுக்குவதும் மேடுகளை நசுக்கும்.

சாளரம் வைத்த அட்டை உறைகளில் ஆபத்து ஸ்டேப்ளர் பின்னிலிருந்து வருகிறது. அடித்த பின்னின் முனைகளைத் தட்டையாக அழுத்தாமல் விட்டால், பெட்டியில் அடுத்தடுத்து அடுக்கும்போது ஓர் உறையின் பின் மற்றோர் உறையின் மைலாரைக் கிழித்து உள்ளிருக்கும் நாணயத்தைக் கீறும். நாணயத்தை வெளியே எடுக்கும்போது பின்களை முழுவதுமாகக் கழற்றாமல் அட்டையை இழுத்துப் பிரிப்பது அதைவிட மோசம். பாதி கழன்ற பின் நேராக நாணயத்தின் மேல் உரசும். குறிப்புகளை நாணயத்தை வைப்பதற்கு முன்பே அட்டையில் எழுதிவிட வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தும் பிளாஸ்டிக் தகடுள்ள பழைய வகை ஆல்பங்களும் தொல்லை தருபவை: தகட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது உருவத்தின் உயர்ந்த பகுதியில் உரசி, இணையான கோடுகளைப் போட்டுவிடுகிறது. முதலில் சொன்ன கன்னக் கோடுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

கேப்சூல் காற்றுப் புகாதது என்று கருதி, ஈரமான அறையில் கவலையின்றி வைப்பவர்களும் உண்டு. அழுத்தி மூடும் கேப்சூல் முழுக் காப்பு அன்று. தரப்படுத்தும் நிறுவனங்கள் அதிர்வு முறையில் ஒட்டித் தரும் தட்டைப் பெட்டிகளிலும் காற்று மிக மெதுவாக உட்புகும். மழை பெய்து காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் கேப்சூலை மூடினால் அந்த ஈரமும் நாணயத்தோடு உள்ளே அடைபடும். குளிர்ந்த அறையிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த நாணயத்தின் மேல் நீராவி படியும் என்பதால், அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே அதைத் தொட வேண்டும். கேப்சூல்களை வைக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தியோ புதிதாக மாற்றியோ வைப்பது அவசியம். பொட்டலத்தை ஒருமுறை போட்டுவிட்டு மறந்தால், ஈரம் நிறைந்த அதனால் பயன் இல்லை.

கேப்சூலைத் திறக்கக் கத்தி முனையை நுழைப்பவர்கள் பலர். முனை வழுக்கினால் நாணயத்தின் விளிம்பில்தான் போய் நிற்கும். துணியின் மேல் வைத்து, கேப்சூலின் ஓரத்தில் நகத்தை நுழைத்து, சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பினால் போதும். அப்போதும் திறக்காவிட்டால், அதற்கென விற்கும் பிளாஸ்டிக் திறப்பானைப் பயன்படுத்தலாம், அல்லது நாணயம் படாதபடி ஓரத்தில் பிளாஸ்டிக்கை உடைத்துவிடலாம். கேப்சூல் வேறொன்று வாங்கக்கூடியது.