கேப்பர் மலையில் கிளைடர் விடப் போகிறீர்களா?

கடலூர்ப் பக்கம் சரிவில் ரிமோட் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் மாதிரி விமானம்) விட ஆசைப்படுகிறவர்கள் முதலிலேயே பால்சா மரத்தில் செய்த அழகான மாடலை வாங்காதீர்கள், ஒரே மோதலில் மனசு உடைந்துவிடும், இ.பி.பி. என்கிற, நெகிழ்வான பிளாஸ்டிக் நுரையில் செய்தது, இறக்கை முனைக்கு முனை 1 முதல் 1.5 மீட்டர் இருந்தால் போதும், விழுந்தாலும் நசுங்கி மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கோடை மதியத்தில் கடற்காற்று எழுந்ததும் கேப்பர் மலையில் கிழக்கு பார்த்த சரிவாகத் தேடுங்கள், காற்று நேராக மோதினால்தான் மேலே தூக்கும். மூக்கைச் சற்றே தாழ்த்தி, காற்றுக்கு எதிராக எறியுங்கள். அப்புறம், எப்போது திருப்பினாலும் சரிவை விட்டு வெளிப்பக்கமாகவே திருப்புங்கள். மலைப்பக்கம் திருப்பினால் காற்றும் சேர்ந்து தள்ளி மண்ணில் கொண்டுபோய் இடித்துவிடும். உச்சிக்குப் பின்னால் காற்று சுழலும், அங்கே தாழப் பறக்க வேண்டாம். கீழே ஆட்களோ மாடுகளோ இருந்தால் காத்திருங்கள்.