வெள்ளைப் பாவாடையைக் காணோம்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் பஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் வரையப் பழக வருகிறார்கள். இந்த மாதம் எல்லோருக்கும் பாலே நடனப்பெண்களை வரைய ஆசை. இருபது வருடத்துக்கு முன் நான் விட்ட பிழைகளையே வரிசையாக விடுகிறார்கள். கை கழுவாமல் தொடுவது, ஒயில் பஸ்டலுக்கு மேல் தூள் பஸ்டலைப் போடுவது போன்றவை இரண்டு நாளில் தானாகவே பிடிபட்டுவிடும். அவற்றை விடுவோம்.

அரைமண்டி

நம் பிள்ளைகளின் கண் பரதத்துக்கும் கூத்துக்கும் பழகியது. அதனால் பாலேக்காரியின் முழங்காலையும் கேட்காமலே மடக்கிவிடுகிறார்கள். வடமோடிக் கூத்தர் கரப்புடுப்பு என்னும் விரிந்த கூத்துடுப்பின் பாரத்தோடு களரியை, அதாவது ஆடும் இடத்தை, மிதிப்பார். அங்கே பாரம் மண்ணில் இறங்கும். பாலேயில் உடம்பு மேலே இழுபடும். ஒற்றைக் காலின் நுனிவிரலில் நிமிர்ந்து நிற்பவளை வரைந்தால், கழுத்துக்குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஊன்றிய விரலுக்குக் கிட்ட அது விழாவிட்டால் பெண் விழுந்துவிடுவாள்.

வெள்ளைக் கடதாசி

வேண்டாம். சாம்பலோ மங்கிய நீலமோ எடுங்கள்.

கடைசியில் அடிக்கிற ஸ்பிரே

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு நடன ஆசிரியை முற்பணம் தந்து படமொன்று கேட்டிருந்தார்: வெள்ளை டூட்டூ என்னும் பாலேப் பாவாடை அணிந்து, குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டும் பெண். நீலக் கடதாசியில் மூன்று கிழமை வரைந்தேன். பாவாடையின் விளிம்பில் வெள்ளைக் கட்டியை லேசாகத் தொட்டு எடுத்திருந்தேன். வலைத்துணி பொருபொருவென்று தெரிந்தது. மார்கழி மழை. கொண்டுபோகும்போது தூள் கொட்டிவிடுமோ என்ற பயத்தில், முதல்நாள் இரவு, தூளைக் கடதாசியில் ஒட்டவைக்கும் பிசின் ஸ்பிரேயை எடுத்து, நன்றாகப் பிடிக்கட்டும் என்று நனைய நனைய அடித்தேன். கண் முன்னாலேயே பாவாடை நனைந்த சாம்பலாகிவிட்டது. காய்ந்தால் திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் திரும்பியது, மிச்சம் போனது போனதுதான். மேலே மறுபடி வெள்ளை போட்டால் கட்டி வழுக்குகிறது. காலையில் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

காரணம் சின்னது. பஸ்டல் தூளில் மணிகளுக்கிடையே காற்று இருக்கிறது; ஒளி அதில் சிதறுவதால்தான் அந்த வெளுப்பு. ஸ்பிரேயின் பிசின் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். சுண்ணக்கட்டி வெள்ளை கண்ணாடிபோல் ஆகி, கீழே உள்ள நிறம் எட்டிப்பார்க்கும். அதிகமாக அடித்தால் கடதாசியின் சொரசொரப்பும் அடைந்துபோகும்.

ஸ்பிரேயே கூடாது என்று சொல்லவில்லை. பாரிஸ் ஒப்பரா நடனப்பெண்களை வரைந்த எட்கார் டெகா (1834–1917) அடுக்குகளுக்கிடையில் நிறத்தை இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் போட்டவர். நீங்களும் நடுவில் அடியுங்கள்: ஒரு கை தூரத்திலிருந்து, மெல்லிய பனிபோல, ஒரே வீச்சு. நன்றாகக் காயவிட்டு, அப்புறம் கடைசி வெள்ளையைத் தொடுங்கள். அந்த வெள்ளைமேல் எதுவும் படக்கூடாது. போன ஞாயிறும் ஒரு தம்பி, “பயமா இருந்திச்சு சேர்” என்று சொல்லிக்கொண்டே அடித்து முடித்திருந்தான்.

விரலால் தேய்ப்பது

முதல் அடுக்கில் மட்டும்.

கண்ணாடி

சட்டமிடும்போது கண்ணாடி படத்தில் முட்டக்கூடாது, இடையில் மட்டைச் சட்டம் வையுங்கள். ஈரச் சுவரில் ஒட்டிக் கொழுவவும் வேண்டாம். என் பழைய படமொன்றில் ஒரே மாரியில் பூஞ்சணம் பிடித்தது, அதுவும் சரியாக முகத்தில்.