ஆரில் எரர் வராத தவறுகள்தான் ஆபத்தானவை

தரவை அலசப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் எல்லோருக்கும் சிவப்பு எழுத்தைப் பார்த்தால்தான் பயம். என்னைக் கேட்டால் சிவப்பில் எரர் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் ஆர் அந்த இடத்திலேயே நின்று, இதற்கு மேல் போக மாட்டேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டது. எரர் எதுவும் வராமல், விடையாக ஒரு எண்ணும் வந்து, அந்த எண் தப்பாகவும் இருந்து, அதை நீங்கள் ஆய்வேட்டில் அட்டவணையாகப் போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுவீர்கள் பாருங்கள், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆருக்கு இந்தச் சுபாவம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் எஸ் என்ற மொழியை உருவாக்கினார்கள். புள்ளியியலாளர் ஒருவர் தரவை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கான மொழி அது. அதே வழியில் 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை உருவாக்கினார்கள். பேச்சுவாக்கில் ஓடும் வேலைக்கான மொழி என்பதால் அது பல இடங்களில் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்காது, தானே ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

என்ஏ செய்யும் வேலை

இதைப் பார்க்க வெளியே தரவு தேட வேண்டாம். ஆரோடு கூடவே வரும் ஏர்குவாலிட்டி தரவே போதும், நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை 153 நாட்களின் காற்றுத் தர அளவுகள் அதில் இருக்கின்றன. 37 நாட்களுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை, அந்த இடங்களில் என்ஏ என்று இருக்கும். சராசரி கேட்டால் என்ஏ என்றே பதில் வரும், என்ஏக்களை விட்டுவிட்டுக் கணக்கிட என்ஏ டாட் ஆர்எம் = ட்ரூ என்று சேர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். சரி, இப்போது ஓசோன் 100க்கு மேல் போன நாட்கள் எத்தனை என்று பார்க்க ஏர்குவாலிட்டி[ஏர்குவாலிட்டி$ஓசோன் > 100, ] என்று எழுதி, வரும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். 44 என்று வரும். உண்மையில் 100ஐத் தாண்டிய நாட்கள் ஏழுதான், மீதி 37 வரிசையும் வெறும் என்ஏ. எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை.

காரணம் எளிது. என்ஏ என்றால் காலி என்றோ பூஜ்யம் என்றோ அர்த்தமில்லை, "தெரியாது" என்று அர்த்தம். தெரியாத ஒன்று 100ஐ விடப் பெரியதா என்று கேட்டால் தெரியாது என்றுதான் பதில் வரும், அந்தத் "தெரியாது" சதுர அடைப்புக்குறிக்குள் போனால் ஆர் ஒரு என்ஏ வரிசையைத் திருப்பித் தருகிறது. எக்ஸ் == என்ஏ என்று எழுதினால் ஒன்றுமே பிடிபடாததற்கும் இதுவே காரணம், அதற்கு இஸ் டாட் என்ஏ ஃபங்ஷன் இருக்கிறது. வடிகட்டும்போது சப்செட் ஃபங்ஷனையோ டிப்ளையர் பேக்கேஜின் (ஆரோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஃபங்ஷன் தொகுப்பு) ஃபில்டரையோ பயன்படுத்தினால் என்ஏ வரிசைகள் தானாக விலகிவிடும்.

ஆனால் தானாக விலகுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அதே தரவில் காற்றின் வேகத்தை வைத்து ஓசோனைக் கணிக்க எல்எம் (நேர்கோட்டு மாடல் போடும் ஃபங்ஷன்) ஓட்டினால் 116 நாட்கள் கணக்கில் வரும். சூரியக் கதிர்வீச்சையும் சேர்த்தால் அந்த நெடுவரிசையிலும் என்ஏ இருப்பதால் 111 நாட்கள்தான் மிஞ்சும். இரண்டு மாடலின் ஆர் ஸ்கொயரை (மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) அருகருகே வைத்து "இது மேல்" என்று சொல்பவர் வெவ்வேறு நாட்களின் தரவை ஒப்பிடுகிறார் என்பதே அவருக்குத் தெரியாது. அனோவா ஃபங்ஷன் கொண்டு ஒப்பிட்டால் ஆர் எரர் கொடுத்து நிறுத்திவிடும், கண்ணால் ஒப்பிடும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள். எத்தனை வரிசை விடுபட்டது என்று மாடலின் சம்மரியில் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன வரி இருக்கும், தயவுசெய்து அதைப் படியுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: வேண்டாத வரிசைகளை நீக்க எக்ஸ்[-விச்(எக்ஸ் > 100)] என்று எழுதும் பழக்கம். விச் என்பது நிபந்தனை உண்மையாகும் இடங்களின் எண்களைத் தரும், மைனஸ் அந்த இடங்களை நீக்கும். 100க்கு மேல் ஏதாவது இருக்கும் வரை இது சரியாகவே ஓடும். ஒன்றுகூட இல்லாத நாளில் விச் காலியாகத் திரும்பும், காலிக்கு மைனஸ் போட்டாலும் காலிதான், ஆகவே எதையும் நீக்காமல் விட வேண்டிய இடத்தில் ஆர் எல்லாவற்றையும் நீக்கிவிடும். எக்ஸ்[!(எக்ஸ் > 100)] என்று ஆச்சரியக்குறியால் எழுதினால் இந்தக் கண்ணி கிடையாது, என்ஏவை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம் பொருந்தாத வெக்டர்கள்

வெக்டர் என்றால் ஒரே வகை மதிப்புகளின் வரிசை. ஆரோடு வரும் எம்டிகார்ஸ் தரவில் 32 கார்கள். நான்கு அல்லது ஆறு சிலிண்டர் உள்ளவற்றை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைதான் பழகியவர், எக்செல் பழகியவர், யாராக இருந்தாலும் முதலில் கை போவது சிலிண்டர் == சி(4, 6) என்பதற்குத்தான். ஓட்டினால் 10 கார்கள் வரும். சரியான விடை 18.

என்ன நடந்தது என்றால், ஆர் அந்த இரண்டு எண்களையும் 4, 6, 4, 6 என்று 32 எண்கள் ஆகும்வரை நீட்டிக்கொண்டு, முதல் காரை 4ஓடும் இரண்டாவது காரை 6ஓடும் மூன்றாவதை மறுபடி 4ஓடும் ஒப்பிட்டது. இதற்கு ரீசைக்ளிங் என்று பெயர். 32ஐ 2 மீதியில்லாமல் வகுப்பதால் வார்னிங்கும் வராது, 33 கார்கள் இருந்திருந்தால் வந்திருக்கும். அதாவது எச்சரிக்கை கிடைப்பது உங்கள் தரவின் நீளத்தைப் பொறுத்தது! இந்த இடத்தில் எழுத வேண்டியது %இன்%, அதாவது சிலிண்டர் %இன்% சி(4, 6). ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரட்டைச் சமக்குறியைத் தொடவே தொடாதீர்கள்.

எண் போலத் தெரியும் எழுத்து

40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மட்டும் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் சராசரி வயது 19 என்று வந்ததை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயது கேட்ட கட்டத்தில் யாரோ ஒருவர் "தெரியாது" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லால் மொத்த நெடுவரிசையும் எழுத்தாகப் படிக்கப்பட்டது, அப்போதைய ஆர் அதை ஃபேக்டராக, அதாவது வகைகளின் பட்டியலாக, மாற்றியது, நான் ஆஸ் டாட் நியூமெரிக் போட்டு எண்ணாக்கினேன் என்று நினைத்துக்கொண்டேன். ஃபேக்டருக்குள் இருப்பது அந்த வகைகளின் வரிசை எண்கள். உதாரணமாக வேறொரு தரவில் 45, 62, 38 என்று இருந்தால் கிடைப்பது 2, 3, 1. 40 வயதுக்காரர் 1 ஆனார், 41 வயதுக்காரர் 2 ஆனார், சராசரி 19 ஆனது. வயது என்பதால் கண்ணில் பட்டது. வருமானமோ மதிப்பெண்ணோ ஆக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அந்த எண் அப்படியே அறிக்கையில் போயிருக்கும்.

2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து ஆர் எழுத்துகளைத் தானாக ஃபேக்டராக மாற்றுவதில்லை, ஆனால் பழைய கோடுகளும் (ஆரில் எழுதிய நிரல்களும்) பழைய பாடக்குறிப்புகளும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஃபேக்டர் என்று தெரிந்தால் முதலில் ஆஸ் டாட் கேரக்டர், அப்புறம்தான் ஆஸ் டாட் நியூமெரிக்.

நம் ஊர்த் தரவில் இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு. 1,25,000 என்று காற்புள்ளியோடு இருக்கும் தொகையை ஆர் எழுத்தாகத்தான் படிக்கும், நேராக எண்ணாக மாற்றினால் என்ஏ ஆகிவிடும், ஜிசப் கொண்டு காற்புள்ளியை எடுத்துவிட்டு மாற்றுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் பதிவெண்ணை எண்ணாகப் படித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், பிறகு வேறு கோப்போடு சேர்க்கும்போது ஒன்றும் பொருந்தாது. படிக்கும்போதே காலம் கிளாசஸில் (நெடுவரிசைகளின் வகையைச் சொல்லும் இடம்) கேரக்டர், அதாவது எழுத்து, என்று சொல்லிவிடுவது நல்லது. தமிழ் எழுத்துகள் விண்டோஸில் கோண அடைப்புக்குறிக்குள் ஏதோ குறியீட்டு எண்களாகத் தெரிகின்றன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022இல் வந்த 4.2.0 முதல் விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளில் ஆர் யூடிஎஃப்-8ஐ (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) நேராகக் கையாளுகிறது, அதனால் பழைய பதிப்பில் இருந்துகொண்டு மல்லுக்கட்டுவதை விட ஆரைப் புதுப்பிப்பதே பாதித் தீர்வு. எக்செல்லில் சேமித்த சிஎஸ்வியில் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் மட்டும் விநோத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் ஃபைல் என்கோடிங்கில் யூடிஎஃப்-8-பிஓஎம் என்று கொடுங்கள்.

தரவைப் படித்தவுடன் எஸ்டிஆர் ஃபங்ஷனை ஓட்டி, ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா எழுத்தா என்று ஒரு முறை பாருங்கள். அரை நிமிட வேலை. இரண்டு தரவுகளை மெர்ஜ் செய்தால் முன்னும் பின்னும் என்ரோ போட்டு வரிசைகளை எண்ணுங்கள். ஒரே பதிவெண் இந்தப் பக்கம் மூன்று முறையும் அந்தப் பக்கம் இரண்டு முறையும் இருந்தால் ஆறு வரிசையாகப் பெருகும், பொருந்தாதவை சொல்லாமலே காணாமல் போகும்.

சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள்

எக்ஸ் மைனஸ் ஐந்தை விடச் சிறியதா என்று கேட்க நினைத்து இடைவெளி விடாமல் இஃப் (எக்ஸ்<-5) என்று எழுதினால் ஆர் அதை "எக்ஸுக்கு 5ஐக் கொடு" என்று படிக்கும். எக்ஸின் மதிப்பும் போச்சு, நிபந்தனையும் எப்போதும் உண்மையாகிவிடும். குறிகளின் இரு பக்கமும் இடைவெளி விடுங்கள், அழகுக்காகச் சொல்லவில்லை.

லூப்பில் 1:லெங்த்(எக்ஸ்) என்று எழுதாமல் சீக் அலாங் பயன்படுத்துங்கள், எக்ஸ் காலியாக இருந்தால் 1:0 என்பது 1, 0 என்று விரிந்து லூப் இரண்டு முறை ஓடும். 1:என்-1 என்பது ஒன்றிலிருந்து தொடங்காது, பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஏனென்றால் முக்காற்புள்ளி முதலில் நடக்கும், கழித்தல் பிறகு. 0.1 + 0.2 == 0.3 என்று கேட்டால் ஃபால்ஸ் வரும், தசம எண்களுக்கு ஆல் டாட் ஈக்வல் போடுங்கள். ரவுண்ட்(2.5) என்பது 2 என்று வரும், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி 3 வராது, சரிபாதியாக இருந்தால் இரட்டை எண் பக்கம் சாய்ப்பது ஆரின் வழக்கம்.

சாம்பிள் ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு எண் உள்ள வெக்டரைக் கொடுத்துப் பாருங்கள், அந்த எண் 10 என்றால் 1 முதல் 10 வரை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் தரும். குழு குழுவாகப் பிரித்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கோடில் ஒரு குழுவில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அந்தக் குழுவிலேயே இல்லாத ஆள் வந்துவிடுவார்.

எரர் வந்தால்

எரர்களில் பாதி திரும்பத் திரும்ப வரும் நாலைந்துதான். "குட் நாட் ஃபைண்ட் ஃபங்ஷன்" என்றால் பேக்கேஜை நிறுவியிருப்பீர்கள், லைப்ரரி போட்டு அழைத்திருக்க மாட்டீர்கள், அல்லது பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருக்கும். "க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்" என்ற வாசகம் புதியவர்களை மிகவும் மிரட்டுகிறது, க்ளோஷர் என்றால் இங்கே ஃபங்ஷன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரவுக்கு டேட்டா என்றோ டிஎஃப் என்றோ பெயர் வைத்து, அதை உருவாக்கும் வரியை ஓட்ட மறந்திருப்பீர்கள், அந்தப் பெயர்களில் ஆரிலேயே ஃபங்ஷன்கள் இருப்பதால் ஆர் அவற்றைப் பிடித்துக்கொண்டது. விண்டோஸில் கோப்பின் பாதையை அப்படியே ஒட்டினால் வரும் எரருக்குக் காரணம் பின்சாய்வுக்கோடு, அதை முன்சாய்வுக்கோடாக மாற்றினால் முடிந்தது. கன்சோலில் > குறிக்குப் பதிலாக + மட்டும் வந்துகொண்டே இருந்தால் எங்கோ அடைப்புக்குறியையோ மேற்கோளையோ மூடவில்லை, எஸ்கேப் தட்டி மறுபடி தொடங்குங்கள்.

நேற்று ஓடிய செலக்ட் இன்று ஓடவில்லை என்றால் இடையில் மாஸ் பேக்கேஜை அழைத்தீர்களா என்று பாருங்கள். அதிலும் செலக்ட் உண்டு, டிப்ளையரிலும் உண்டு, கடைசியாக வந்ததுதான் ஜெயிக்கும். டிப்ளையர்::செலக்ட் என்று பேக்கேஜ் பெயரோடு எழுதினால் சந்தேகமே இல்லை.

இன்னொரு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன். ஆரை ஓட்டப் பயன்படுத்தும் ஆர்ஸ்டூடியோவை மூடும்போது வொர்க்ஸ்பேஸை, அதாவது நினைவில் இருக்கும் எல்லாவற்றையும், சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், செட்டிங்ஸிலேயே நெவர் என்று வைத்துவிடுங்கள். மூன்று நாள் முன்பு உருவாக்கிய பழைய எக்ஸ் நினைவில் உட்கார்ந்திருந்தால், இன்று அதை உருவாக்கும் வரியை நீங்கள் அழித்திருந்தாலும் கோடு ஓடும், உங்கள் கணினியில் மட்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர் புதிதாகத் தொடங்கும், அதன் பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடையில்லாமல் ஓடினால்தான் அது முடிந்த கோடு.

அப்படியும் புரியாத எரர் என்றால் உடனே ட்ரேஸ்பேக் ஓட்டுங்கள், எந்த ஃபங்ஷனுக்குள் போய் விழுந்தது என்று வரிசையாகக் காட்டும். யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், அதிலிருந்து யாராலும் கோடை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. ஐந்தாறு வரிசை மட்டும் உள்ள ஒரு சின்னத் தரவை டிபுட் கொண்டு எழுத்தாக்கி, பிரச்சினை வரும் அந்த இரண்டு மூன்று வரிக் கோடோடு சேர்த்து அனுப்புங்கள். தரவை ஐந்து வரிசையாகக் குறைத்துக்கொண்டிருக்கும்போதே, நாலாவது வரிசையில் அந்தத் "தெரியாது" உங்கள் கண்ணில் பட்டுவிடவும் கூடும்.